எண்ணெய்க் கணக்கு: வாசகர் கேள்விகளும் பிறைப் பட்டறையின் பதில்களும்

கேள்வி: அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பழைய கார் விற்பனை நிலையத்தில் ஒரு ஸ்டேஷன் வேகன் வாங்கினேன். 2015-இல் பதிவானது, 2 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், ஆட்டோ கியர். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அம்மா என்று ஐந்து பேருக்கும் இடம் தாராளமாக இருக்கிறது. சிக்கல் எண்ணெய்ச் செலவில்தான். இதன் ஐரோப்பிய விளம்பரத் தாளில் 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் லிட்டருக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். எனக்கு 10 தான் கிடைக்கிறது. வீடு புக்கிட் மெர்தாஜாமில், வேலை பாயான் லெப்பாஸில். தினமும் பினாங்குப் பாலத்தைக் கடக்கிறேன். ஒரு பட்டறையில் காட்டினேன். பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டர், புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சர் எல்லாம் மாற்ற வேண்டும், 1,800 ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா? (புக்கிட் மெர்தாஜாம் வாசகர்)

பதில்: அந்த 1,800 ரிங்கிட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள், தம்பி. உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் உங்கள் கார் நோயாளியாகவே எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த 6.5 லிட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2015-இல் ஐரோப்பாவில் நடப்பில் இருந்தது என்.இ.டி.சி. என்ற சோதனை. காரைச் சாலையில் ஓட்டமாட்டார்கள். சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரங்களை நிறுத்தி, எழுதி வைத்த அட்டவணைப்படி முடுக்குவார்கள், வேகத்தைக் குறைப்பார்கள், நிறுத்துவார்கள். மொத்தம் 1,180 விநாடி. இருபது நிமிடம்கூட இல்லை. ஓடும் தூரம் 11 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டரை ஒட்டி வரும். 120 கிலோமீட்டர் வேகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு உடனே இறங்கிவிடும். முடுக்கம் எல்லாம் மிக மென்மை. முக்கியமான ஒன்று: ஏர்கான் அணைக்கப்பட்டிருக்கும். பினாங்கில் ஏர்கானை அணைத்துவிட்டு, மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு யார் ஓட்டுவார்கள்?

2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பாவில் புதிதாக வரும் மாடல்களுக்கு டபிள்யூ.எல்.டி.பி. என்ற சோதனை வந்தது. 2018 செப்டம்பரில் விற்பனையாகும் புதுக் கார்கள் அனைத்துக்கும் அதுவே ஆனது. அது முப்பது நிமிடம், 23 கிலோமீட்டர், சராசரி 46 கிலோமீட்டர் வேகம், உச்சம் 131. முந்தையதைவிட உண்மைக்கு நெருக்கமானதுதான். அதிலும் ஏர்கான் கிடையாது. ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய வேகன்களுக்கு இன்னொரு கணக்கு. அவற்றின் தாளில் இருப்பது பெரும்பாலும் 10-15 முறை அல்லது ஜே.சி.08 என்ற ஜப்பானியச் சோதனைகளின் எண். 10-15 முறையில் உச்ச வேகமே 70 கிலோமீட்டர்தான். அந்த எண்ணை நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் எதிர்பார்க்கவே கூடாது.

இந்த எண்களை நான் பொய் என்று சொல்லமாட்டேன். இரண்டு கார்களை ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க அவை உதவும். அதற்கு மேல் உங்கள் மாதச் செலவைக் கணக்கிட அவற்றை எடுத்தால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

இப்போது உங்கள் பாதைக்கு வருகிறேன். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாயான் லெப்பாஸ் போகவர 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தடையில்லாமல் ஓடினால் உங்கள் வேகன் லிட்டருக்கு 14 கொடுக்கும், ஆக 4.3 லிட்டர். ஆனால் காலையில் ஜூரு சந்திப்பு, பாலத்தின் ஏற்றம், மாலையில் தீவுப் பக்கத்து இறக்கம் என்று நின்று நின்று போகும் நேரத்தையெல்லாம் கூட்டினால் நாளுக்கு ஒரு மணி நேரம் வந்துவிடும். 2 லிட்டர் இஞ்சின் ஏர்கானோடு சும்மா நின்றாலே மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டிக் குடிக்கும். அதோடு, ஒன்றரை டன் எடையை நின்ற இடத்திலிருந்து திரும்பத் திரும்ப நகர்த்துவதற்கு ஒரு அரை லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6 லிட்டருக்குப் பக்கத்தில் வரும். அறுபதை ஆறால் வகுத்தால் பத்து. நீங்கள் சொன்ன அதே பத்து! இதில் இஞ்செக்டர் எங்கே வந்தது?

சந்தேகம் தீர வேண்டுமானால் ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கமான எண்ணெய் நிலையத்தில், ஒரு குறிப்பிட்ட பம்பில், துப்பாக்கி முதல்முறை 'டக்' என்று நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் அழுத்தாதீர்கள். கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வடக்கே அலோர் ஸ்டார் வரை போய்த் திரும்புங்கள். போகவர 200 கிலோமீட்டர் அளவு வரும். வேகம் 90-க்கும் 100-க்கும் நடுவே ஒரே சீராக இருக்கட்டும், ஏர்கானும் ஓடட்டும். திரும்பி வந்து அதே பம்பில், அதே 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை வந்துவிடும். குறுகிய தூரத்தில் இப்படி அளக்காதீர்கள். ஐந்து லிட்டரில் அரை லிட்டர் முன்னே பின்னே போனால் கணக்கு பத்து விழுக்காடு கெட்டுவிடும். பதினான்கு லிட்டரில் அதே அரை லிட்டர் பெரிய தவறாகாது.

விடை 14-க்கு மேல் வந்தால் இஞ்சின் நலமாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். 11, 12 என்று வந்தால்தான் பட்டறை வேலை. அப்போதும் உதிரிப் பாகத்தை மாற்றுவது கடைசி. முதலில் டயரில் காற்று. பிறகு பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்ற சோதனை. அதன் பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினியைப் படிக்க இருக்கும் ஓ.பி.டி. சொருகியில் கருவியை மாட்டி, இஞ்சின் சூடு எவ்வளவு, கணினி பெட்ரோலைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்சர் கெட்டிருந்தால் அந்த எண்களே காட்டிக்கொடுக்கும். அந்த எண்களை உங்களிடம் காட்டாமல் 1,800 ரிங்கிட் கேட்கும் எந்தப் பட்டறையாக இருந்தாலும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். என் தொழிலில் இருப்பவர்களைப் பற்றி இப்படி எழுத எனக்குச் சங்கடம்தான். ஆனால் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்களிடம் ஊகத்துக்குப் பணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியாது.

பிரேக் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு வாடிக்கையாளரின் வேகன் திடீரென்று அதிகம் குடிப்பதாக வந்தது. அவர் பட்டறைக்குள் வந்து நிறுத்தியதும் நான் பானெட்டைத் திறக்கவில்லை. நான்கு சக்கரங்களின் அருகிலும் குனிந்து, ரிம்மைத் தொடாமல் உள்ளங்கையை மட்டும் பக்கத்தில் கொண்டுபோனேன். மூன்று சக்கரங்கள் இதமான சூடு. பின்பக்க இடது ரிம்மின் அருகே கையை வைத்திருக்க முடியாத அனல். கருகிய வாடை வேறு. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றுக்கூட வரவில்லை. பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரின் வழுக்குப் பின்கள் இரண்டும் துருவேறி இறுகியிருந்தன. கடற்கரை ஊர் நம்முடையது; உப்புக்காற்றும் மழையும் அந்த இடத்தை எளிதில் தின்றுவிடும். பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறைகளை மாற்றியதோடு வேலை முடிந்தது. அந்தக் கார் அதுவரை வண்டிச்சக்கரத்தில் முட்டுக்கட்டை போட்டபடியே மாட்டை ஓட்டுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. நீங்களும் நெடுஞ்சாலையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை இப்படிக் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பைசா செலவில்லை.

கேள்வி: தீபாவளிக்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாருவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். எங்களுடையது வேகன்தான், ஆனாலும் சாமான் அதிகம். கூரையில் பெட்டி ஒன்று மாட்டலாம் என்கிறார் கணவர். பெட்ரோல் எவ்வளவு கூடும்? (ஆயர் ஈத்தாம் வாசகி)

பதில்: மாட்ட வேண்டாம் என்பதே என் கருத்து, அம்மா. வேகன் வாங்கியதன் முழுப் பயனும் அந்தப் பின்பக்க இடத்தில்தான் இருக்கிறது. உள்ளே வைக்கும் சாமானைக் காற்று தொடுவதில்லை. கூரையில் வைத்தால் அத்தனை தூரமும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்குப்படி, பெரிய கூரைப் பெட்டி நகர ஓட்டத்தில் 2 முதல் 8 விழுக்காடுதான் இழப்பைத் தரும். விரைவு நெடுஞ்சாலை வேகத்தில் அது 10 முதல் 25 விழுக்காடு வரை போகும். உங்கள் பயணம் ஏறக்குறைய முழுதும் நெடுஞ்சாலை.

எடையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். 45 கிலோ கூடினால் ஒரு விழுக்காடு அளவு செலவு கூடும், அவ்வளவே. முறுக்கு டின்னும் பட்டுப்புடவைப் பெட்டியும் உள்ளே வரட்டும். கனமானதைக் கீழே, பின் இருக்கையின் முதுகை ஒட்டி வையுங்கள், இலேசானது அதன்மேல். இருக்கையின் உயரத்தைத் தாண்டி அடுக்கினால் வலை கட்ட வேண்டும். திடீரென்று பிரேக் அடித்தால் பின்னால் இருக்கும் டின் முன்னால் இருக்கும் பிள்ளையின் தலைக்கு வரும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். அதில் டயர் காற்றுக்கு இரண்டு வரிசை போட்டிருப்பார்கள்: இரண்டு மூன்று பேருக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. ஐந்து பேரும் சாமானும் என்றால் இரண்டாவது வரிசைதான். பெரும்பாலான வேகன்களில் பின் டயருக்கு அது கணிசமாகக் கூடுதலாக இருக்கும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். எண்ணெய் நிலையத்தின் கருவி கிலோபாஸ்கலில் காட்டும். 220 என்றால் நாம் பேச்சில் சொல்லும் 32 பி.எஸ்.ஐ.

கூரையில் பெட்டி இல்லாவிட்டாலும் குறுக்குக் கம்பிகள் மட்டும் வருடம் முழுதும் மாட்டியபடி இருக்கும் வேகன்களை நிறையப் பார்க்கிறேன். அவற்றைக் கழற்றி வீட்டில் வையுங்கள். காற்றில் அவை எழுப்பும் ஊளைச் சத்தமே அவை பெட்ரோல் தின்பதற்குச் சாட்சி.

இன்னொன்று, கணவரிடம் சொல்லுங்கள். 90-இல் போகும்போது காற்று காரைத் தடுக்கும் விசையைவிட 110-இல் அது பாதி மடங்கு கூடுதல். வேகத்தின் வர்க்கப்படி ஏறும் கணக்கு அது. 110 சட்டப்படியான வேகம், தவறில்லை. ஆனால் கோலாலம்பூர் வரை உள்ள 350 கிலோமீட்டரை 110-க்குப் பதில் 95-இல் ஓட்டினால் அரை மணி நேரம்தான் பிந்தும். அந்த அரை மணியை நீங்கள் எப்படியும் சுங்கை பேராக் ஓய்விடத்தில் கழிப்பறை வரிசையில் கழிப்பீர்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் 110-ஐ எங்கே காணப்போகிறீர்கள் என்பதும் இருக்கிறது.

கேள்வி: அதிகாலையில் பெட்ரோல் போட்டால் குளிர்ச்சியில் அதிகம் கிடைக்கும் என்கிறார்களே? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: கிடைக்காது. பெட்ரோல் சூட்டில் விரிவது உண்மை. ஆனால் நிலையத்தின் தொட்டி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூடு மாறுவதில்லை. காலையில் கூட்டம் குறைவு என்பதற்காகப் போகலாம்.

கேள்வி: எங்கள் கார் டர்போ பொருத்திய 1.6 லிட்டர் ஐரோப்பிய வேகன். ரோன்97 போட்டால் கூடுதல் கிலோமீட்டர் கிடைக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ரோன்95-க்கு மாறலாமா? (தஞ்சோங் தோக்கோங் வாசகர்)

பதில்: பெட்ரோல் மூடியைத் திறங்கள். உட்புறத்தில் தயாரிப்பாளர் என்ன எழுதியிருக்கிறார்? 'குறைந்தது 95' என்று இருந்தால் 95 போதும். '98' என்று மட்டும் இருந்தால் 97-ஐ விடாதீர்கள். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. 95-க்கும் 98-க்கும் இரண்டுக்கும் அனுமதி இருந்தால் உங்கள் விருப்பம்.

97 என்பது பெட்ரோலில் உள்ள சக்தியின் அளவைக் காட்டும் எண்ணே இல்லை. அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் தாக்குப்பிடிக்கும் திறனின் அளவு அது. டர்போ இஞ்சினில் அழுத்தம் அதிகம். வெயிலில், ஏற்றத்தில், முழுப் பாரத்தோடு மிதிக்கும்போது 95 முன்னதாகவே வெடிக்கப் பார்க்கும். இஞ்சினில் இருக்கும் தட்டல் சென்சர் அதை உணர்ந்து தீப்பொறியைத் தாமதமாக்கும். அப்போது திறன் கொஞ்சம் குறையும். ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பணத்தைப் பாருங்கள். புடி95 என்ற அரசு மானியத் திட்டம் 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கியபோது தகுதியுள்ள குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். அப்போது மாதம் 300 லிட்டர் வரை. ரோன்97-க்கு எந்த மானியமும் கிடையாது, சந்தை விலை. இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளி அப்போதுபோல நூற்றுக்கு அறுபதை ஒட்டி இருந்தால், லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் கூடுதலாக ஓடி அதை ஈடுகட்ட முடியாது. லிட்டருக்கு 11 ஓடும் கார் 17, 18 ஓடினால்தான் கணக்கு நேராகும். எந்தக் காரும் பெட்ரோல் மாற்றியதற்காக அப்படி ஓடாது.

கேள்வி: நான் பிரிக்பீல்ட்ஸ்வாசி. மனைவி கெந்திங் மலையில் வேலை செய்கிறார். வாரம் ஒருமுறை வேகனில் கொண்டுபோய் விடுகிறேன். போகும்போது மீட்டரில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்று காட்டுகிறது, பயமாக இருக்கிறது. இறங்கும்போது சிக்கனத்துக்காகக் கியரை 'என்'-இல் (நியூட்ரல்) போட்டு உருட்டிக்கொண்டு வருகிறேன். சரிதானே? (கோலாலம்பூர் வாசகர்)

பதில்: ஐயா, இரண்டாவது பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசுவோம்.

'என்'-இல் போட்டால் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். இஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கத் தன் சொந்தப் பெட்ரோலைக் குடித்தாக வேண்டும். 'டி'-இல், அல்லது 'எம்'-இல் சிறிய கியரில் வைத்து முடுக்கியிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். சக்கரமே இஞ்சினைச் சுற்றும். இஞ்செக்டர்கள் அந்நேரத்தில் மூடியிருக்கும். பெட்ரோல் ஒரு துளியும் போகாது. இஞ்செக்ஷன் இஞ்சின்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆக நீங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது சில்லறைக் காசு. பெரிய ஆபத்து பிரேக்கில். கெந்திங் இறக்கத்தில் காரின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்கினால் தட்டுகள் கொதித்து, பிரேக் திரவமும் கொதித்து, மிதி தரைவரை போய்விடும். பஸ்ஸுக்கும் லோரிக்கும் மட்டும் நேர்வது என்று எண்ணாதீர்கள். சிறிய கியரில் இறங்குங்கள். இஞ்சின் உறுமட்டும், அதற்கு ஒன்றும் ஆகாது.

ஏறும்போது 6 காட்டுவதற்குப் பயப்படத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துப் பௌதிகமே போதும். ஆட்களோடு சேர்த்து உங்கள் வேகன் 1,700 கிலோ. கோலாலம்பூரிலிருந்து கெந்திங் உச்சிக்கு உயர வேறுபாடு சுமார் 1,700 மீட்டர். இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் 28 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது, ஆனால் இஞ்சின் அதில் ஏறக்குறைய முப்பது விழுக்காட்டைத்தான் வேலையாக மாற்றும்; மற்றது சூடாகப் போய்விடும். ஆக மலை ஏறியதற்கு மட்டும் மூன்று லிட்டர். சாதாரண ஓட்டத்துக்கு ஆகும் செலவு தனி. ஐம்பது அறுபது கிலோமீட்டர் பாதையில் இந்த மூன்று லிட்டரைச் சேர்த்தால் மீட்டர் 6, 7 காட்டத்தான் செய்யும்.

இறங்கும்போது அந்த மூன்று லிட்டர் திரும்பக் கிடைக்காது; ஆனால் இறக்கம் முழுதும் பெட்ரோல் செலவு ஏறக்குறைய இல்லை. அதனால் ஒரு வழியை மட்டும் பார்க்காமல் போய்வந்த மொத்தத்தையும் கணக்கிடுங்கள். கோம்பாக் டோலுக்குத் திரும்பி வரும்போது சராசரி 10-ஐ ஒட்டி வந்தால் உங்கள் காரில் குறையில்லை.

கேள்வி: காரின் திரை லிட்டருக்கு 11.8 என்று காட்டுகிறது. நான் கையால் கணக்கிட்டால் 11.2 தான் வருகிறது. எதை நம்புவது? (பாலிக் பூலாவ் வாசகி)

பதில்: கையை நம்புங்கள். திரையில் வருவது இஞ்செக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதை வைத்துக் கணினி போடும் மதிப்பீடு. அது பெரும்பாலும் சில விழுக்காடு தாராளமாகவே சொல்லும். நீங்கள் காசு கொடுத்தது பம்பில் ஓடிய லிட்டருக்கு.

என்னிடம் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய வால்வோ 240 வேகனை இன்னமும் வைத்திருக்கிறார். அதில் திரை ஏது? டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு பள்ளி நோட்டு. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், பக்கத்தில் வகுத்த விடை. சிவப்புப் பேனாவில் ஓர் ஓரக்குறிப்பு: 'ஈப்போ போனது', 'நான்கு நாள் மழை', 'புது டயர்'. ஒருமுறை நோட்டை என் முன் விரித்து வைத்து, விரலால் ஒரு பத்தியைக் காட்டினார். 8.9, 9.0, 8.8 என்று வந்துகொண்டிருந்தது, 8.1-க்கும் பிறகு 7.9-க்கும் இறங்கியிருந்தது. ஓரக்குறிப்பில் எந்தக் காரணமும் இல்லை. காரை ஓட்டிப் பார்த்தேன். சூட்டு முள் நடுவுக்கு வரவே இல்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும் இன்னும் கீழே இறங்கியது. இஞ்சின் சூடேறும்வரை குளிர்நீரைத் தடுத்து வைக்க வேண்டிய தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. இஞ்சின் சூடேறாததால், இன்னும் குளிராகத்தான் இருக்கிறோம் என்று எண்ணி அது பெட்ரோலைக் கூடுதலாகவே வாங்கிக்கொண்டிருந்தது. மலிவான ஒரு பாகம், ஒரு மணி நேர வேலை. ஓட்டுபவருக்கு எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது. எச்சரிக்கை விளக்கு இல்லை, சத்தம் இல்லை. நோட்டு கண்டுபிடித்தது.

அதனால் உங்கள் 11.2-ஐ அடுத்த வீட்டுக்காரரின் 13-உடன் ஒப்பிடாதீர்கள். அவர் பாதை வேறு, அவர் கால் வேறு. பாலிக் பூலாவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் உங்களுக்கு மலை. உங்கள் காரின் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள். ஒரே பாதையில், காரணமில்லாமல் பத்து விழுக்காடு இறங்கினால் கொண்டுவாருங்கள்.

கேள்வி: பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், சிகரெட் லைட்டரில் சொருகும் சிக்கனக் கருவி, தொட்டியில் போடும் மாத்திரை. இவற்றில் எதை வாங்கலாம்? (நிபோங் தெபால் வாசகர்)

பதில்: எதையும் வாங்காதீர்கள். காந்தம் பெட்ரோலை ஒன்றும் செய்யாது. லைட்டரில் சொருகுவது ஒரு விளக்கை எரிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. அந்தப் பணத்துக்கு நல்ல காற்றழுத்த மானி ஒன்று வாங்கிக் காரில் வையுங்கள். மாதம் இருமுறை அளந்து பாருங்கள்.

இதோடு இன்னொரு பழைய நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஏர் ஃபில்டர் அழுக்கானால் பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. இன்றைய இஞ்செக்ஷன் இஞ்சினில் உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பத்தான் பெட்ரோல் விடுகிறார்கள். ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், செலவு அவ்வளவாகக் கூடாது. இஞ்சின் ஆயுளுக்காக மாற்றுங்கள். இஞ்சின் ஆயில் விஷயம் வேறு: கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்கும் காரில், 'நம் ஊர் வெயிலுக்குக் கெட்டிதான் நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் இஞ்சின் தன் ஆயிலையே கிளறிக்கொண்டு பெட்ரோலை வீணாக்கும்.

கேள்வி: எங்களிடம் இருப்பது 2 லிட்டர் மஸ்டா 6 செடான். மூன்றாவது குழந்தை வரப்போகிறது. கணவருக்கு ஏழு இருக்கை எஸ்.யு.வி. மேல் ஆசை. நான் ஏதாவதொரு வேகன் போதும் என்கிறேன். பெட்ரோல் செலவில் எது நல்லது? (சுங்கை ஆரா வாசகி)

பதில்: பெட்ரோல் செலவு மட்டும் என்றால் உங்கள் பக்கம் நிற்பேன், தங்கை. ஒரே இஞ்சினை இரண்டிலும் வைத்தால் உயரமான காருக்கு எடையும் கூடுதல், காற்றை முட்டும் முகமும் பெரிது. நகரத்தில் எடை தின்னும், நெடுஞ்சாலையில் காற்று தின்னும். வேகனோ செடானைவிட ஐம்பது அறுபது கிலோ கூடுதல், அவ்வளவுதான். உயரம் ஏறக்குறைய அதேதான். சாமான் இடத்திலும் பல ஏழு இருக்கை கார்கள் மூன்றாம் வரிசையை விரித்ததும் ஒரு ஸ்ட்ரோலரைக்கூட வைக்க இடம் தராது.

ஒரு காலத்தில் நம் தாமான்களில் டட்சன் 120ஒய் வேகன்கள் நிறைய ஓடின. இன்று புதிய வேகன்களே அரிது. மஸ்டா 6 டூரிங், சுபாரு லெவோர்க், வால்வோ வி60 என்று பழைய கார் சந்தையில் தேட வேண்டும். தேடத் தகுந்த கார்கள். உங்களுக்கு ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது: மூன்று குழந்தைகளில் எத்தனை பேருக்கு இருக்கைத் தொட்டில் (சைல்ட் சீட்) வேண்டும்? மூன்று தொட்டில்கள் என்றால் பல வேகன்களின் பின் இருக்கை அகலம் போதாது. அப்போது கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வாங்குமுன் தொட்டில்களை எடுத்துக்கொண்டு போங்கள். மூன்றையும் பின் இருக்கையில் வைத்து, பெல்ட் மாட்டி, கதவை அடைத்துப் பாருங்கள். அடைபட்டால், விற்பவரிடம் கேட்டுக் காலை ஏழரை மணிக்கு சுங்கை ஆராவிலிருந்து உங்கள் அலுவலகம் வரை அந்த வேகனை ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வெறும் சாலையில் ஓட்டிக் காட்டுகிறோம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.